கோதில் தெரியும் குணம்

வன்னியில் ஊர்க்கோழி முட்டைக்கு ஒரே நிறம் என்று இல்லை. ஒரு வளவில் மேயும் நாலைந்து கோழிகளின் முட்டைகளைச் சுளகில் பரப்பிவைத்தால் ஒன்று பனங்கிழங்கின் உட்சதைபோல வெளிறியிருக்கும். ஒன்று பால்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். இன்னொன்று தண்ணீர் பட்ட மண்சட்டியின் செம்மையை எட்டும். எப்போதாவது ஒன்று இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மங்கலில் வந்து, எடுத்தவரை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவைக்கும். ஒவ்வொரு கோழிக்கும் தனக்கென்று ஒரு நிறம் உண்டு. அதைவிட்டு அது அதிக தூரம் போகாது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று, முள்ளியவளைப் பக்கத்தில் நாலு கோழி வளர்க்கும் வீட்டில் முட்டையைப் பார்த்ததும் இது இன்ன கோழியின் முட்டை என்று சொல்வது பெரிய வித்தை அல்ல. அந்தக் கோழி நேற்றிரவு எப்படி இருந்தது, காலையில் வெருண்டதா, நிம்மதியாகக் கிடந்ததா என்பதையும் அதே கோதில் படிப்பதுதான் வித்தை. நிறமுள்ள முட்டை இடும் கோழி பெரும்பாலும் சண்டிக்கோழியாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நிறத்துக்கும் குணத்துக்கும் பிறப்பில் அப்படி ஒரு கட்டு இல்லை. ஆனால் நிறமுள்ள கோதில் குணம் பளிச்சென்று தெரியும். வெள்ளைக் கோதில் அது ஒளிந்துகொள்ளும்.

முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கும். மஞ்சட்கரு இறங்கி, வெண்கரு சேர்ந்து, மெல்லிய சவ்வைப் போர்த்திக்கொள்ள ஏறத்தாழ 5 மணி நேரம் போதும். மிச்சம் 20 மணி நேரமும் கோதுக்கே செலவாகிறது. கோதில் ஏறக்குறைய 95 வீதம் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு நிறம் இல்லை. ஆகவே மண்ணிற முட்டையும் உள்ளே வெகுநேரம் வெள்ளை முட்டையாகவே கிடக்கிறது. கடைசிச் சில மணி நேரத்தில்தான் கோதுச் சுரப்பி நிறத்தை வெளியே தெளித்துப் பூசுகிறது. பூசப்படும் பொருளின் பெயர் புரோட்டோபோர்பிரின். இரத்தத்துக்குச் செம்மை தரும் ஹீம் எதிலிருந்து உண்டாகிறதோ, அதே பொருள் இது. மண்ணிற முட்டையை உடைத்துக் கோதின் உட்புறத்தைப் பார்த்தால் அது வெள்ளையாகவே இருக்கும். வினாகிரியில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தால் வெளி நிறமும் கழன்று துணிக்கு வரும். இருட்டில் புறஊதா விளக்கின்கீழ் வைத்தால் அதே கோது தணல்போலச் சிவந்து ஒளிரும்.

நீலமும் பச்சையும் வேறு கதை. அந்த நிறத்தைத் தருவது பிலிவேர்டின் என்ற பித்தநிறமி. காலில் அடிபட்ட கண்டல் நாலைந்து நாளில் பச்சையாகத் தெரிவதும் இதே நிறமியால்தான். இது பூச்சாக மேலே நிற்பதில்லை. கோதின் முழுக் கனத்திலும் ஊறிவிடுகிறது. அதனால் நீல முட்டையின் கோது உள்ளேயும் நீலமாகவே இருக்கும். நீலக்கோதின்மேல் மண்ணிறப் பூச்சு விழுந்தால் ஒலிவ்பச்சை முட்டை. நீல முட்டையிடும் கோழிகளைச் சிலி நாட்டின் மப்புச்சே மக்கள் வளர்த்துவந்தார்கள். ஸ்பெயினின் கோழியியல் அறிஞர் சல்வடோர் கஸ்டெல்லோ 1914இல் சிலியில் அவற்றைக் கண்டு, 1921இல் ஹேக் நகரில் கூடிய உலகக் கோழி மாநாட்டில் எடுத்துச்சொன்ன பிறகுதான் ஐரோப்பா அவற்றைத் திரும்பிப் பார்த்தது. காரணம் தெரிய மேலும் ஏறத்தாழ நூறு ஆண்டு சென்றது. எப்போதோ ஒரு கோழியைப் பீடித்த வைரசின் துண்டொன்று அதன் மரபணுத் தொடரில் ஒட்டிக்கொண்டு, பித்தநிறமியைக் கோதுக்குக் கொண்டுவரும் கதவைத் திறந்துவிட்டிருந்தது என்று 2013இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். சீனத்து நீலமுட்டைக் கோழிகளிலும் அதே கதவுதான் திறந்திருந்தது; ஆனால் அங்கே வைரசு தனியாக வந்து ஒட்டியிருந்தது. வன்னி ஊர்க்கோழியின் நிறவரிசையில் நீலம் இல்லை. வெளிறலிலிருந்து மண்ணிறம்வரை, நடுவே அருமையாக வரும் அந்த ரோசா ஊதா: இதற்குள்தான் அதன் அழகு முழுவதும் அடங்கியிருக்கிறது. கண்ணைப் பழக்கிக்கொண்டவருக்கு இது சிறிய வரிசை அல்ல.

ரோசா ஊதா எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். ஊதாவுக்கென்று தனி நிறமி எதுவும் கோழியிடம் இல்லை. நிறம் பூசி முடிந்தபின் கோழி முட்டையின்மேல் ஈரமான ஒரு மென்படலத்தைப் போர்த்துகிறது. கோதில் உள்ள பல ஆயிரம் நுண்துளைகளை அடைத்து, கிருமி உள்ளே போகாமல் காப்பது அந்தப் படலத்தின் வேலை. அது தடிப்பாக விழுந்து காயும்போது கீழேயுள்ள மண்ணிறம் மூடுபனிக்குள் தெரியும் செம்மண் வீதிபோல மங்கி, ரோசாவாகவும் ஊதாவாகவும் கண்ணுக்குப் படுகிறது. நாவற்பழத்தின் தோலில் விரல் பட்டால் அழியும் வெண்மாசு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே தோற்றம். இந்த முட்டையைத் தண்ணீரில் கழுவினால் சாதாரண மண்ணிற முட்டை கைக்கு வரும்.

நிறமும் படலமும் கடைசி மணி நேரங்களின் வேலை என்பதால், அந்த நேரத்தில் கோழிக்கு என்ன நேர்ந்தாலும் அது கோதில் பதிந்துவிடும். முட்டையிட இடம் தேடும் கோழியை நாய் துரத்தினால், அல்லது பழக்கமான மூலையில் வேறு கோழி குந்தியிருந்தால், அது முட்டையை இடாமல் அடக்கிக்கொள்ளும். அடக்கிய முட்டை கோதுச் சுரப்பிக்குள்ளேயே கிடக்க, பூசிய நிறத்தின்மேல் மேலும் சுண்ணாம்பு தூவப்படும். அப்படி வரும் முட்டை திருநீறு பூசியதுபோல வெளிறியிருக்கும். சிலவேளை நடுவில் வெள்ளைப் பட்டை ஒன்று ஓடும். வெருட்சியில் நேரத்துக்கு முன்னரே முட்டை விழுந்தால் பூச்சு முடியாமல் நிறம் குறைந்திருக்கும். கோழி அமைதியாக இருக்கிறதா என்பதை அறியப் பெரிய பண்ணைகளை ஆராய்கிறவர்களும் கோதின் வெளிறலைக் கவனிக்கிறார்கள். வளவுக் கோழியில் இந்த வாசிப்பு இன்னும் துல்லியமானது. ஆயிரம் கோழிகளின் முட்டை ஒன்றாகக் கலக்கும் பண்ணையில் எது எதனுடையது என்று தெரியாது. வளவிலோ ஒரு கோழியின் இன்றைய முட்டையை அதன் நேற்றைய முட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஊர்க்கோழியின் சண்டித்தனம் அதன் பிழை அல்ல. காட்டை விட்டு அது அதிக தூரம் வரவில்லை. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழி. நெல்லும் தினையும் விதைக்கப்பட்ட வெளிகளைத் தேடிக் காட்டுக்கோழிகள் வந்ததிலிருந்தே மனிதரோடு அவற்றின் பழக்கம் தொடங்கியது என்று 2022இல் வெளிவந்த ஆய்வொன்று சொல்கிறது. அதற்குச் சான்றான மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நொன் வட் என்ற இடத்தில் கிடைத்தவை; அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. மஞ்சட்காலுள்ள கோழிகளில் தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியின் பங்கும் கலந்திருக்கிறது. இலங்கையின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி வன்னிக் காடுகளில் இன்றும் கூவுகிறது. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் தீட்டிய அதன் சேவல், நெடுங்கேணி ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டோர வயல்களில் விடியலில் கண்ணில் படும். வளவுக்கோழி அதன் நேரடி வாரிசு அல்ல. ஆனால் பயமும் வீம்பும் இரண்டுக்கும் ஒன்றே.

அந்தப் பயத்துக்கு ஒரு மொழியும் உண்டு. வானத்தில் பருந்து வட்டமிட்டால் கோழி எழுப்பும் ஒலி நீண்டு மெலிந்திருக்கும். கேட்ட குஞ்சுகள் நின்ற இடத்திலேயே பதுங்கும். கீரியோ நாயோ தரையில் வந்தால் ஒலி வெட்டுவெட்டாகத் தொடரும். அப்போது எல்லாம் தலை நிமிர்ந்து கலையும். வளர்ப்பவர் இந்த இரண்டையும் பிரித்தறியாவிட்டால் குஞ்சுகள் தப்பாது. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற ஒழுங்கும் கண்டிப்பானது. 1921இல் நோர்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே இதை எழுதிவைத்தார். தவிட்டுச் சட்டிக்கு முதலில் எது வருகிறது, எது வேலியோரம் காத்து நிற்கிறது என்று பத்து நிமிடம் பார்த்தால் அந்த ஒழுங்கு முழுவதும் தெரிந்துவிடும். புதிய கோழி ஒன்றை வளவில் விட்டால் ஒழுங்கு குலைந்து, திரும்ப அமையும்வரை கொத்தும் ஓட்டமும் ஓயாது. அந்த நாள்களில் இடும் முட்டைகளில் திருநீறு பூசியவையே கூட இருக்கும்.

முட்டையிடும் காலையைப் பொறுமையோடு ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். கோழி மேய்ச்சலை விட்டுத் தனியாக நடக்கத் தொடங்கும். தொண்டைக்குள் இழுத்து இழுத்துக் கேறும். விறகுக் குவியலுக்குள் தலையை நீட்டிப் பார்க்கும், பிடிக்காமல் திரும்பும். கடகத்துக்குள் ஏறி வைக்கோலைச் சொண்டால் இழுத்துத் தோளில் போட்டுக்கொள்ளும், இறங்கும். ஆள் பார்க்கிறது என்று தெரிந்தால் வேண்டுமென்றே வேறு திசைக்குப் போகும். கடைசியில் வைக்கோற்போரின் அடியிலோ உரப்பையின் பின்னாலோ குந்தி அடங்கும். கண்கள் பாதி மூடியிருக்கும், கேறல் நின்றுவிடும். அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கால்களை அகட்டி எழும்பி, முதுகைக் குவித்து, இறகு சிலிர்க்க ஒரு முக்கல். வைக்கோலில் விழும் முட்டை ஈரமாக மின்னும். அந்த நேரத்து நிறமே அதன் ஆழமான நிறம். ஈரம் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கி வர, மினுக்கம் மங்கி, சொந்த நிறம் வந்து நிற்கும். இரண்டு மூன்று நிமிட வேலை. கோழி அதைச் சொண்டால் ஒருதடவை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து வளவே அதிரக் கொக்கரிக்கும்.

அந்த அரை மணி நேரத்தை யாரும் கலைக்காமல் காப்பதுதான் இந்த வளர்ப்பின் மையமான வேலை. கோழி கேட்பது மூன்று: பாதி இருட்டு, முதுகுக்குப் பின் சுவர், ஒரே இடம். பனையோலைக் கடகம் ஒன்றில் வைக்கோலை இட்டு, ஆள் நடமாட்டமில்லாத கொட்டில் மூலையில் முழங்காலளவு உயரத்தில் வைத்தால் பெரும்பாலான கோழிகள் அதை ஏற்கும். வைத்த இடத்தை மாற்றக்கூடாது. கோழி தானாக ஓர் இடத்தைத் தேர்ந்துவிட்டால், அது கூரைக்குக் கீழே அடுக்கிய ஓலைக்கட்டாக இருந்தாலும், கடகத்தை அங்கே கொண்டுபோவதே புத்தி. முட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டால் சந்தேகக்காரக் கோழி இடத்தை மாற்றிவிடும் என்பதால் ஒரு முட்டையை, அடையாளத்துக்குக் கரிக்கோடு கீறி, விட்டுவைப்பது பழைய வழக்கம். எடுக்கும் வேலையைக் கோழி மேயப் போன பிறகு, தினமும் ஒரே ஆள் செய்வது நல்லது.

இரை விடயத்தில் ஊர்க்கோழி வளர்ப்பவரை அதிகம் வருத்தாது. குறுணல், தவிடு, துருவிய தேங்காய்ப்பூ, குசினிக் கழிவு, அறுவடை முடிந்த வயலின் உதிர்நெல் இவற்றோடு அது தானே தேடும் பூச்சியும் புழுவும் சேர்ந்தால் போதும். கரையான் புற்றை மண்வெட்டியால் வெட்டிக் கொண்டுவந்து போடும் நாளில் வளவில் திருவிழா. சுண்ணாம்பு விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோது இரவில்தான் பெரும்பாலும் கட்டப்படுகிறது; அதனால் பொழுதுபடும் நேரத்தில் கோழிக்குச் சுண்ணாம்புப் பசி வரும். அந்த நேரம் நொறுக்கிய சிப்பியையோ, காயவைத்து இடித்த முட்டைக்கோதையோ ஒரு சிரட்டையில் வைத்தால் முட்டையிடும் கோழி மட்டும் வந்து பொறுக்கும். சேவல் திரும்பியும் பாராது. நந்திக்கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிப்பிக்குக் குறைவில்லை. சுண்ணாம்பு கிடைக்காத கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கோது கட்டும். நிறத்தை இரை கூட்டாது, குறைக்காது. பச்சையும் பூச்சியும் தின்றால் மஞ்சட்கரு சிவக்கும். கோதின் நிறம் தாய் தகப்பன் கொடுத்தபடியே நிற்கும். மண்ணிற முட்டையில் சத்து அதிகம் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. சத்து இரையிலும் மேய்ச்சலிலும் இருக்கிறது.

ராத்தங்கல் பற்றி வளர்ப்பவருக்கும் கோழிக்கும் நீண்ட வழக்கு உண்டு. கோழி மாமரக் கிளையை விரும்பும். மரநாயும் அதையே விரும்பும். பொழுதுபட முன் கூட்டுக்குள் இரை வைத்துப் பழக்கினால் ஒரு மாதத்தில் அடங்கும். அடங்காத ஒன்றிரண்டை இரவில் மரத்திலிருந்து இறக்கிக் கூட்டில் விடலாம். ஆனால் கால் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டுவந்தால் மறுநாள் கோது அதைச் சொல்லும். இரண்டு கையாலும் செட்டையோடு சேர்த்து அணைத்துத் தூக்கவேண்டும். மாரியில், ஐப்பசி தொடக்கம் மார்கழி முடிய, நிலம் ஊறிக் கிடக்கும் காலத்தில் கூட்டுத்தரையில் உமியும் சாம்பலும் கனமாகப் போடவேண்டும். புழுதி குளிக்க இடமில்லாத கோழி செள்ளும் பேனும் பிடித்துச் சினந்து திரியும். ராணிகெட் நோய் ஊருக்குள் வந்தால் சில நாளில் கூடு வெறுமையாகும்; அதற்குத் தடுப்பு மருந்து ஒன்றே வழி. தப்பிப் பிழைத்த கோழியின் முட்டை நெடுநாள் வெளிறியும் நெளிந்தும் வரும்.

ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடை கிடக்கும். அப்போது அதன் குணம் ஒரே இரவில் மாறிவிடும். சிலிர்த்த இறகோடு தட்டையாகப் படுத்து, கை நீட்டினால் உறுமிக் கொத்தும். உடலில் புரோலக்டின் பெருகுவதன் விளைவு இது. அடைக்கு வைக்காமல் அடைப்புத்தியைத் தெளியவைக்கத் தண்ணீரில் முக்குவதும் மூக்குத் துளையில் இறகு செருகுவதும் ஊர்வழக்கம். இரண்டும் கொடுமை. வைக்கோல் இல்லாத, காற்றோட்டமான கூட்டில் நாலைந்து நாள் இரையும் தண்ணீரும் கொடுத்து வைத்தாலே அடை தெளிந்துவிடும்.

அடைக்கு வைப்பதானால் ஒற்றைப்படையாக 9, 11, 13 என்று வைப்பார்கள். இடிமுழக்கத்தில் முட்டை கூழாகாதிருக்க இரும்புத்துண்டும் கரித்துண்டும் கடகத்தில் போடுவார்கள். பொரிக்க 21 நாள். ஏழாம் நாள் இரவில், உள்ளங்கையைக் குவித்து முட்டையை விளக்குக்கு நேரே பிடித்தால், கரு இருப்பதில் சிலந்திக் கால்கள்போல இரத்த நரம்புகள் தெரியும். கூழ்முட்டை வெறுமனே வெளிச்சமாக நிற்கும். மண்ணிறம் கடுமையான முட்டையில் இது எளிதில் தெரியாது. அதற்குப் பத்தாம் நாள்வரை பொறுப்பது நல்லது. கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கிக் கால்மணி நேரத்தில் தின்று குடித்துத் திரும்பும். அந்த நேரத்தில் கடகத்தை எட்டிப் பார்ப்பதோடு வளர்ப்பவர் நின்றுகொள்ளவேண்டும்.

நல்ல நிறமுள்ள கோழியின் பரம்பரையைக் காப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிறத்தின் பாதி சேவல் வழியாக வருகிறது. ஆனால் சேவல் முட்டையிடுவதில்லை. ஆகவே சேவலைத் தெரிவுசெய்யும்போது அதன் இறகையும் கொண்டையையும் மட்டும் பார்க்காமல், அதன் தாய் இட்ட முட்டையையும் கூடப்பிறந்த பேடுகள் இடும் முட்டையையும் பார்க்கவேண்டும். நிறத்துக்குப் பல மரபணுக்கள் சேர்ந்து காரணமாவதால் ஒரு தலைமுறையில் பலன் தெரியாமலும் போகும். 2009இல் யுத்தம் முடியும்போது வன்னியில் வளவுகள் வெறுமையாகிக் கிடந்தன. ஊர்க்கோழியின் பழைய வழிகள் பலவும் அதோடு அறுந்தன. மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிகள் வழங்கப்பட்டபோது மண்ணிற முட்டையிடும் மேம்படுத்திய இனங்களும் வந்து ஊர்க்கோழியோடு கலந்தன. அந்தக் கலப்பால் நிறம் கடுமையான முட்டைகள் வளவுகளில் கூடலாம். அதே அளவுக்கு அடை கிடக்கும் குணமும் குறையலாம். வெளியிலிருந்து வாங்கும் இனங்களில் கடக்நாத் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் இந்தக் கருங்கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் இறைச்சியும் எலும்பும் கறுப்பு. முட்டை கறுப்பல்ல, வெளிறிய மண்ணிறம்தான்.

சமையலுக்கு வரும் முட்டையை எடுத்தவுடன் கழுவக்கூடாது. கழுவினால் காப்புப் படலம் போய், நுண்துளைகள் திறந்துவிடும். அழுக்கைக் காய்ந்த துணியால் துடைத்து, அகன்ற பக்கம் மேலே இருக்க உமிக்குள் நிறுத்தி வைத்தால் பல நாள் இருக்கும். சமைக்கும் நேரத்தில் கழுவலாம். ஊர்க்கோழி முட்டை சிறியது, மஞ்சட்கருவின் பங்கு அதில் கூட. முட்டைக்கோப்பிக்கு அதுவே பொருத்தம்: மஞ்சட்கருவைச் சீனியோடு நுரை வெளுக்கும்வரை அடித்து, கொதிக்கும் கோப்பியை மெதுவாக ஊற்றினால் வெடுக்கு இல்லாமல் திரண்டு வரும். பெரியபிள்ளையான பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுக்கவும் இந்த முட்டையைத்தான் தேடுவார்கள். ரோசா ஊதா முட்டையை அன்று சமைக்க மனம் வராமல் ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. வைத்திருக்கலாம், படலம் தானாகத் தேய்ந்து, ஒரு வாரத்தில் அதுவும் மண்ணிறத்தை நோக்கிப் போகும்.

முட்டையிடத் தொடங்கிய பேட்டின் முதல் முட்டைகள்தான் அதன் நிறத்தில் மிக அழுத்தமானவை. முட்டை பெருக்கப் பெருக்க, அதே அளவு நிறம் அகன்ற பரப்பில் பூசப்படுவதால் வெளிறத் தொடங்கும். தொடர்ந்து இடும் நாள்களின் முடிவில் இன்னும் மெலியும். பிறகு இறகுதிர்க்கும் காலம் வரும். கழுத்து மொட்டையாகி, வால் உதிர்ந்து, கோழி யாரோடும் சேராமல் வேலியோரம் ஒதுங்கி நிற்கும், கொண்டை வெளுக்கும், முட்டை நின்றுவிடும். இரண்டு மூன்று மாதத்தில் புது இறகு முளைத்து, கொண்டை மறுபடி சிவந்து, ஒரு காலையில் கொட்டிலுக்குள் அந்தப் பழைய கேறல் கேட்கும். அன்று கடகத்தில் கிடக்கும் முட்டையை, கரிக்கோடு கீறி விட்டுவைத்த பழைய முட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் திரும்பி வந்திருப்பது தெரியும்.